அஞ்சாவது கியர்

நாகமலை புதுக்கோட்டையில் இரண்டு சாலைகள் குறுக்கிடுகின்றன. ஒன்று, மதுரையிலிருந்து செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனிக்குப் போகும் பழைய ரோடு. இன்னொன்று, சமயநல்லூர்ப் பக்கம் பிரிந்து, மதுரைக்குள் நுழையாமலே கப்பலூர், திருமங்கலம் என்று தெற்கே இறங்கும் நாலுவழிச் சாலை. என் மாமாவின் காண்டெஸா முதல் சாலையில் ஓடி வயதான வண்டி. இரண்டாவது சாலை வந்த பிறகுதான் அதற்கு ஒரு கியர் குறைகிறது என்பது எங்களுக்கு உறைத்தது.

மாமா போடியிலிருந்து ஏலக்காய் எடுத்து மதுரைக் கடைகளுக்குக் கொடுத்து வந்தார். போடிக்கு 90 கிலோமீட்டர். வாரத்தில் பாதி நாள் ரோட்டிலேயே கழியும். உசிலம்பட்டி வரை வானம் பார்த்த பூமி, சமதளம். ஆண்டிபட்டிக் கணவாயில் மட்டும் வண்டி மூன்றாவது கியருக்கு இறங்கி முக்கி ஏறும். பள்ளி விடுமுறையில் என்னையும் அவர் மகனையும் கூட்டிப்போவார். வாசல் வேம்பின் கீழ் வண்டி நின்று டிக்கி திறந்தால் தெரு முழுக்க ஏலக்காய் மணக்கும். அவர் 60க்கு மேல் போனதாக எனக்கு நினைவில்லை. போகவும் முடியாது. முன்னால் வைக்கோல் ஏற்றிய வண்டி, எதிரே அரசு பஸ், நடுவில் ஆட்டு மந்தை. அந்த ரோட்டுக்கு நாலு கியர் தாராளம்.

காண்டெஸாவை இன்றைய பிள்ளைகள் 'இந்தியாவின் மசில் கார்' என்கிறார்கள். வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி மாணவர்கள் சிலர் இப்போதும் எங்கள் வாசலில் பைக்கை நிறுத்தி அதோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நீண்ட பானெட், அகன்ற தோள், தாழ்ந்த கூரை. பார்க்க அப்படித்தான் இருக்கிறது. அதன் உடல் இங்கிலாந்தில் 1972இல் வந்த வாக்ஸால் விக்டர் காரின் கடைசித் தலைமுறையுடையது. அங்கே அந்த வண்டி நின்ற பிறகு அச்சுகளை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, உத்தர்பாராவில் 1984இல் காண்டெஸாவாக இறக்கியது. உடல் புதிது, இதயம் பழையது. அம்பாசடரில் ஓடிய அதே 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினை அப்படியே தூக்கி வைத்தார்கள். ஏறக்குறைய 50 குதிரைத்திறன். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு அது எந்த மூலைக்கு? அடுத்த ஆண்டே சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி இதே காரியத்தைச் செய்தது. ரோவர் எஸ்.டி.1 என்ற அழகான உடலுக்குள் பழைய வான்கார்டு என்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றது. அந்த வண்டி சில ஆண்டுகளில் காணாமலே போய்விட்டது. காண்டெஸா பிழைத்ததற்குக் காரணம் பின்னால் வந்த ஜப்பான் என்ஜின். இசுசுவின் 1.8 லிட்டர், 88 குதிரைத்திறன், கூடவே அஞ்சு கியர் பெட்டி. 'காண்டெஸா கிளாசிக்' என்று எழுத்து பதித்து வந்தவை அவைதான். மாமாவினுடையது அதற்கு முந்தியது.

ஆனாலும் அந்த 1489 என்ஜினை நான் குறைத்துப் பேசமாட்டேன். பி.எம்.சி.யின் பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது அது. எம்.ஜி.ஏ. என்ற பந்தயச் சாயல் கொண்ட இரண்டு இருக்கை வண்டி 1955இல் வந்தபோது அதன் பானெட்டுக்குள் இருந்ததும் இதே அளவு, இதே குடும்பம்தான். கார்புரேட்டர் மட்டும் இரண்டு. அப்படிப்பட்ட பரம்பரையை வைத்துக்கொண்டு அம்பாசடரில் கல்யாணக் கோஷ்டியையும் காண்டெஸாவில் ஏலக்காய் மூட்டையையும் சுமந்தது. பொறுமையான என்ஜின். அதைத் துன்புறுத்தியது நாலுவழிச் சாலை.

மாமா காலமான பிறகு வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அவர் மகன், என் மச்சான், டெக்ஸஸில் இருக்கிறான். "வித்துராத மாப்ளே, ஓட்டு" என்று மட்டும் சொன்னான். ஓட்டினேன். திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்கு அத்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து நாலுவழிச் சாலையில் இறங்கியபோதுதான் விஷயம் புரிந்தது. 80ஐத் தொட்டதும் என்ஜின் கத்த ஆரம்பித்தது. நாலாவது கியரில்தான் இருந்தேன். ஆனாலும் இடது கை அடிக்கடி கியர் கம்பிக்குப் போய், இல்லாத ஒன்றைத் தேடித் திரும்பியது. பக்கத்தில் லாரிகள்கூட அலட்டாமல் கடந்து போயின. கோவில்பட்டி தாண்டும்போது வெப்பமுள் மேலே ஏறிவிட்டது. அத்தை முன்னால் சாய்ந்து, "ஏன்டா, வண்டி என்னமோ சண்டைக்குப் போற மாதிரியே சத்தம் போடுது?" என்றார். பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அன்று கல்யாண வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமா முப்பது வருடம் பதமாக ஓட்டிய என்ஜினை ஒரே பயணத்தில் நான் கொல்லப்போகிறேனே என்ற நினைப்புதான்.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சின்ன வயதில் அம்பாசடருக்கு அடியில் படுத்தே வளர்ந்தவர். சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டு, "இதைப் பேசித் தீர்க்க வேணாம் தம்பி, எண்ணிப் பாத்துருவோம்" என்றார்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். வண்டியைக் குழிக்கு மேல் நிறுத்தி நியூட்ரலில் போட்டார். பின்டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் அதற்கு நேராக ஒரு கோடு. புரொப்பல்லர் ஷாஃப்டின் மேல் இன்னொரு கோடு. அவர் குழிக்குள் இறங்கி டார்ச் அடித்து ஷாஃப்டையே பார்த்துக்கொண்டிருக்க, பட்டறைப் பையன்கள் இருவர் வண்டியை மெல்லத் தள்ளினார்கள். குழிக்குள்ளிருந்து "ஒண்ணு… ரெண்டு… மூணு…" என்று குரல் வந்தது. டயரின் கோடு ஒரு முழுச் சுற்று வந்து மறுபடி தரையைத் தொட்டபோது, "நாலரை" என்றார். நான் தரையில் அடையாளம் வைத்து டேப் பிடித்தேன். 1 மீட்டர் 90.

அந்த இரண்டு எண்களே போதும். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1333 மீட்டர். 1.9 மீட்டருக்கு ஒரு சுற்று என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 700 முறை சுற்ற வேண்டும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் நாலரைச் சுற்று. ஆக, 3150. நாலாவது கியர் என்பது நேர் கியர். என்ஜின் எவ்வளவு சுற்றுகிறதோ ஷாஃப்டும் அவ்வளவே சுற்றும். எனவே என்ஜினும் 3150. அதையே 100இல் ஓட்டினால் 4000ஐ நெருங்கிவிடும். ஐம்பதுகளில் வரையப்பட்ட ஒரு என்ஜினை மணிக்கணக்கில் அந்தச் சுற்றில் வைத்திருந்தால் அது கத்தாமல் என்ன செய்யும்?

ஓவர்டிரைவ் என்பது இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. என்ஜின் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்டை ஒன்றுக்கும் மேல் சுற்றவைக்கும் கியர் அது. விகிதம் 0.8 என்று வைத்துக்கொண்டால், அதே 80 கிலோமீட்டர் வேகத்தில் 3150 என்பது 2520 ஆகிவிடும். நிமிடத்துக்கு 630 சுற்று மிச்சம். திருநெல்வேலிக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஒரு வழிக்கு 75,000 சுற்றுக்கு மேல் அந்த என்ஜின் சுற்றாமல் இருக்கலாம். பெட்ரோல் மிச்சம், சத்தம் மிச்சம், தேய்மானம் மிச்சம். மாமா இருந்திருந்தால் இந்தக் கணக்கை அன்றைக்கே ஏலக்காய்ச் சிட்டையின் பின்பக்கம் எழுதிப் பார்த்திருப்பார்.

"அப்ப அஞ்சு கியர் பெட்டியை மட்டும் வாங்கி மாட்டிருவோமாண்ணே?" என்றேன்.

"மாட்டலாம். ஆனா இந்த என்ஜின் அதை இழுக்காது. சுத்து குறைஞ்சா இழுவையும் குறையும்ல? காலி ரோட்டுல, காத்து இல்லாம, நீ ஒருத்தன் மட்டும் போனா அஞ்சாவது நிக்கும். நாலு பேர் ஏறி, ஒரு பாலத்து மேடு வந்தாப் போதும், திரும்ப நாலுக்கு வரணும். போட்டா என்ஜினும் பெட்டியும் சேத்துப் போடணும்."

அதைக் கேட்டு நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மாமாவின் என்ஜினை இறக்குவது என்பது எனக்குக் கியர் பெட்டி மாற்றுவதைப் போன்ற காரியமாகத் தெரியவில்லை.

மச்சானிடம் போனில் பேசினேன். அவன் அங்கே 1970ஆம் வருடத்து செவ்ரலே செவெல் மாலிபு ஒன்று வைத்திருக்கிறான். 350 கன அங்குல வி8 என்ஜின். நான் இங்கே ஒரு கியருக்குத் தவிப்பதைப் போலவே அவனும் அங்கே தவித்து, மாற்றியும் முடித்திருந்தான். அவன் சொல்லித்தான் ஒன்று தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் பெயர்பெற்ற அந்த மசில் கார்களில் ஆட்டோமேட்டிக் பெட்டி என்றால் பெரும்பாலும் மூன்றே கியர்தான். ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமேட்டிக் 350இல் முதல் கியர் 2.52, இரண்டாவது 1.52, மூன்றாவது நேர் கியர். அவ்வளவுதான். பெட்ரோல் தண்ணீர் விலைக்குக் கிடைத்த ஊரில், பெரிய என்ஜின் கத்தினால் கத்தட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்திய பிறகுதான் அவர்களுக்கும் சுற்றைக் குறைக்கும் கவலை வந்தது. ஃபோர்டு 1980இல் ஓவர்டிரைவ் ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் 700 ஆர் 4 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63, மூன்றாவது நேர் கியர், நாலாவது 0.70. முதல் கியர் முன்னைவிடக் குட்டை என்பதால் கிளம்பும்போது பாய்ச்சல் கூடும். நாலாவதில் என்ஜின் சுற்று பத்துக்கு மூன்று பங்கு குறையும். இன்றைக்கும் அங்கே பழைய செவ்ரலே வைத்திருப்பவர்கள் நெடுஞ்சாலைக்காக முதலில் தேடும் பெட்டிகளில் அதுவும் ஒன்று.

"பெட்டி மூணு அங்குலம் நீளம் மாப்ளே. கிராஸ் மெம்பரைப் பின்னாடி தள்ளணும், ஷாஃப்டை மூணு அங்குலம் வெட்டணும். அதெல்லாம் கஷ்டமில்ல. ஒரே ஒரு கேபிள்தான் உயிர்" என்றான். கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் த்ராட்டில் கேபிளைச் சொன்னான். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதை அதுதான் பெட்டிக்குத் தெரிவிக்கும். உள்ளே எண்ணெய் அழுத்தம் அதை வைத்தே ஏறும், இறங்கும். கேபிள் தளர்ந்திருந்தால் அழுத்தம் போதாமல் கிளட்ச் தகடுகள் வழுக்கும். புதுப் பெட்டியே கொஞ்ச தூரத்தில் கருகிவிடும். பெட்டி விற்றவர் இதை அவனிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாராம். ஊருக்குப் போனில் பேசும்போது பொதுவாக அத்தையின் மாத்திரை, மழை, தென்னை என்று பேசுகிறவன், அன்று ஒரு மணி நேரம் அந்த கேபிளைப் பற்றியே பேசினான். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் வெகுநாளாகக் கேட்டதில்லை.

"நம்ம அப்பா வண்டிக்கும் ஆட்டோமேட்டிக் போட்டுரு. அம்மாவைக்கூட ஓட்டச் சொல்லலாம்" என்றான்.

அதையும் யோசிக்கத்தான் செய்தோம். பி சீரிஸ் என்ஜினுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எம்.ஜி.பி. காரில் அதே குடும்பத்து 1798 சி.சி. என்ஜினோடு போர்க் வார்னர் 35 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கை 1967 முதல் 1973 வரை கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். வேண்டுமென்றால் லேக்காக் ஓவர்டிரைவும் கிடைத்தது. அது கியர் பெட்டியின் வாலில் மாட்டும் தனி உறுப்பு. ஒரு சுவிட்சைத் தட்டினால் நேர் கியர் ஓவர்டிரைவாக மாறும். என் கண்ணுக்கு அதைவிட அழகான தீர்வு இல்லை. ஆனால் இதெல்லாம் மதுரையில் எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும் பழுதானால் யார் பார்ப்பார்கள்? ஆட்டோமேட்டிக்குக்கு டார்க் கன்வர்ட்டர், எண்ணெய் குளிரவைக்க ரேடியேட்டர் வரை குழாய், அகலமான சுரங்கம் என்று ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். கன்வர்ட்டரும் எண்ணெய் பம்பும் சேர்ந்து தின்னும் சக்தியை 350 கன அங்குல என்ஜின் பொருட்படுத்தாது. நம்முடையது பொருட்படுத்தும். மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில் முடித்தார்: "நாளைக்கு உசிலம்பட்டில நின்னுருச்சுன்னா, உசிலம்பட்டிலயே ஒருத்தன் கையால சரிபண்ற சாமானைத்தான் மாட்டணும்." அதற்கு மேல் பேச்சில்லை. காண்டெஸாவுக்குக் காண்டெஸாவின் பெட்டி. 1.8 இசுசுவும் அதன் அஞ்சு கியரும்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடியற்காலை எழும்பூரில் இறங்கி, டீ குடித்துவிட்டு இருவரும் நடந்தே புதுப்பேட்டைக்குப் போனோம். பழைய வாகனச் சாமான்களுக்கு அந்தச் சந்துகளைப் போல இன்னொரு இடத்தை நான் கண்டதில்லை. ஒரு கடையில் கதவுகள் மட்டும், ஒரு கடையில் ஸ்டீயரிங்குகள் மட்டும், அடுத்ததில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கியர் பெட்டிகள். மழைத்தண்ணீரும் கருப்பு ஆயிலும் கலந்து ஓடும் தரையில் மெக்கானிக் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

அவர் பெட்டி பார்த்த விதத்துக்கு ஈடு இல்லை. முதலில் அடி போல்ட்டைக் கழற்றி, சொட்டிய ஆயிலை விரலில் எடுத்துத் தேய்த்து வெயிலில் காட்டினார். மஞ்சளாகப் பொடி மின்னினால் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. வெள்ளையாகச் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது. ஆயில் கருகிய வாடை அடித்தால் ஆயிலே இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். முதல் இரண்டு பெட்டிகளை இந்தச் சோதனையிலேயே தள்ளிவிட்டார். மூன்றாவதின் ஆயில் கருப்பாக இருந்தாலும் வழவழவென்று சுத்தமாக இருந்தது. ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். ஆட்டம் இல்லை. அப்புறம் அஞ்சாவது கியரில் போட்டு, சட்டைப் பையிலிருந்து அதே சாக்பீஸை எடுத்தார். இன்புட் ஷாஃப்டில் ஒரு கோடு, அவுட்புட்டில் ஒரு கோடு. நான் முன்னால் நாலு சுற்று சுற்ற, பின்னால் அவர் எண்ணினார். கிட்டத்தட்ட அஞ்சு வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கடைக்காரர் அதற்குப் பிறகு சொன்ன விலையில் குறைப்பதற்கு மட்டும் மதியம் வரை ஆனது.

என்ஜினுக்கு ரசீதும் பழைய பதிவு ரத்தான காகிதமும் கேட்டு வாங்கினோம். கியர் பெட்டியை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் எழுத வேண்டியதில்லை. என்ஜின் எண் மாறினால் எழுத வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. முன்அனுமதி வாங்கி, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, புது எண்ணைப் பதிந்துகொண்டோம். இந்த வேலையைச் சோம்பலில் விட்டுவிடுகிற பலரை எனக்குத் தெரியும். ஒரு விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் வந்து நிற்கும் நாளில் அழுது பயனில்லை. முறையாகச் செய்துவிடுங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவருகிறேன்.

என்ஜின் இறக்கிய நாளில் அத்தை பட்டறைக்கு வந்திருந்தார். செயின் பிளாக்கில் அது மேலே எழுந்து, வண்டியை விட்டு விலகி, ஒரு நிமிடம் அந்தரத்தில் ஆடி நின்றது. அத்தை கிட்டே போய் வால்வு மூடியைத் தொட்டுப் பார்த்தார். "இதை எடைக்குப் போட்டுறாதீங்கப்பா" என்றார் மெக்கானிக் அண்ணனிடம். "அதெப்படிம்மா போடுவோம்" என்றார் அவர்.

மாட்டுவது நினைத்த அளவுக்குச் சிரமம் தரவில்லை. கம்பெனியே இந்த உடலில் இந்த என்ஜினை வைத்துத்தானே விற்றது. மவுண்டிங் பிராக்கெட்டுகளைப் புதிதாக அடித்தோம். பெட்டியின் பின்தாங்கி நிற்கும் இடம் மாறியதால் கிராஸ் மெம்பரில் துளைகளை நகர்த்தினோம். கியர் கம்பி வெளியே வரும் இடமும் மாறியது. தரைத் தகட்டில் புதுத் துளை வெட்டி, பழையதை மூடி வெல்டு வைத்தோம். ஸ்பீடோமீட்டர் கேபிளுக்கு மட்டும் ஒரு வாரம் அலைந்தோம். பின் அச்சை மாற்றவில்லை. அதனால் முதல் கியர் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். காலி வண்டியில் சமதரையில் இரண்டாவதிலேயே கிளப்பலாம். பரவாயில்லை என்று விட்டுவிட்டோம். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பின் அச்சே உதவும்.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. புதுப் பெட்டியின் அளவுக்குப் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டிக்கொடுத்தது ஒரு லேத் பட்டறை. பார்க்க மிக நேர்த்தியான வெல்டிங். வண்டியை எடுத்துக்கொண்டு வடபழஞ்சி வரை போனோம். 50 வரை பூப்போல ஓடியது. 60இல் தரையில் ஒரு நடுக்கம். 70இல் பின்பார்க்கும் கண்ணாடியில் உருவமே கலைந்துவிட்டது. டயரைப் பார்த்தோம், மவுண்டிங்கைப் பார்த்தோம், கிளட்சைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் மெக்கானிக் அண்ணன் ஷாஃப்டைக் கழற்றித் தரையில் கிடத்தி, ஒரு முனையில் ஒற்றைக் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்தார். "காது ரெண்டும் ஒரே நேர்ல இல்ல பாரு" என்றார்.

ஷாஃப்டின் இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயிண்ட்டைத் தாங்கும் காது போன்ற இரண்டிரண்டு பிடிகள் உண்டு. ஜாயிண்ட் சாய்ந்த கோணத்தில் சுற்றும்போது அது கடத்தும் வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். முன்ஜாயிண்ட் செய்யும் இந்தக் கோளாறைப் பின்ஜாயிண்ட் அதே அளவுக்கு எதிராகச் செய்து சமன்படுத்த வேண்டும். இரு முனைக் காதுகளும் ஒரே தளத்தில் இருந்தால்தான் அது நடக்கும். எங்கள் ஷாஃப்டில் ஒட்டும்போது ஒரு முனை கொஞ்சம் திரும்பியிருந்தது. இரண்டு கோளாறுகளும் ஒன்றையொன்று அணைக்காமல் கூடி ஆடின. கப்பலூர் தொழிற்பேட்டையில் வேறொரு பட்டறையில் மறுபடி வெட்டி, காதுகளை நேராக்கி ஒட்டி, மெஷினில் பேலன்ஸ் பார்த்து வாங்கினோம். மச்சானிடம் இதைச் சொன்னபோது, "அந்த மூணு அங்குலம் வெட்டும்போது எனக்கும் இதே பயம்தான்டா" என்றான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முதலில் தேனி ரோட்டில் செக்கானூரணி வரை போய்த் திரும்பினேன். அங்கே அஞ்சாவதற்கு வேலையே இல்லை. மூன்று, நாலு, மறுபடி மூன்று. மாமாவின் ரோடு மாமாவின் கியர்களையே கேட்டது. திரும்பி வந்து நாலுவழிச் சாலையில் ஏறி, திருமங்கலம் பக்கம் முகத்தைத் திருப்பினேன். 75 வந்ததும் கிளட்சை மிதித்து, கம்பியை வலப்பக்கம் அழுத்தி மேலே தள்ளினேன். ஒரு சின்ன 'டுக்'. கிளட்சை விட்டேன். என்ஜின் சத்தம் சட்டென்று ஒரு படி இறங்கிப் பின்னணிக்குப் போய்விட்டது. 80, 85, 90. ஜன்னல் ரப்பரில் காற்று உரசுவதும், டயர் தாரைத் தேய்ப்பதும், டிக்கியில் ஸ்பேனர் உருளுவதும் தனித்தனியாகக் கேட்டன. இத்தனை வருடம் இந்த வண்டிக்குள் இவ்வளவு சத்தங்கள் இருந்தது எனக்குத் தெரியாது. பக்கத்தில் மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வெப்பமுள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அது நடுவில் நின்றது நின்றபடியே இருந்தது. கப்பலூர் டோல்கேட் தெரிந்தபோதுதான், "நல்லா வந்துருச்சு" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் லேசில் வராது. என் கண் கலங்கியதை அவர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் அத்தையைத் திருச்செந்தூர் கூட்டிப்போனேன். போகும் வழியெல்லாம் பின்சீட்டிலிருந்து மாமாவைப் பற்றிச் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே வந்தார். போடியில் ஏலம் எப்படி நடக்கும், மழை பிந்தினால் காய் எப்படி வெளிறிப்போகும், கடன் வைத்துவிட்டு ஓடிய கடைக்காரரை மாமா எப்படிக் கண்டுபிடித்தார் என்று. இவற்றில் பாதி நான் அதுவரை கேள்விப்படாதவை.

கல்லூரிப் பிள்ளைகள் இப்போது வந்தால் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். சிலர், "ஒரிஜினலைக் கெடுத்துட்டீங்களே அங்கிள்" என்கிறார்கள். அந்த ஆதங்கத்தை நான் மதிக்கிறேன். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆன, அசல் தன்மை மாறாத வண்டிகளுக்குப் பாரம்பரிய வாகனம் என்ற தனிப் பதிவு உண்டு. 1984இல் வந்த முதல் காண்டெஸாக்களுக்கு அந்தத் தகுதி 2034இல் வரும். அசல் என்ஜின் இல்லாத வண்டி அந்த வரிசையில் நிற்க முடியாது. ஆனால் ஓடாத வண்டியை மூடிவைத்து 2034 வரை காத்திருப்பதா, அத்தை இருக்கும்போதே அவரைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போவதா என்றால், எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

பழைய என்ஜின் எங்கள் மாட்டுக்கொட்டகையில் மரச்சட்டத்தின் மேல் இருக்கிறது. சிலிண்டர்களில் ஆயில் விட்டு, மாதம் ஒருமுறை கையால் கிராங்கைச் சுற்றிவைக்கிறேன். நாலு கியர் பெட்டியையும் பக்கத்திலேயே வைத்திருந்தேன். போன மாசியில் விருதுநகரிலிருந்து ஒருவர் வந்தார். அவருடையதும் முதல் காலத்து காண்டெஸா. இரண்டாவது கியரின் பல் போய்விட்டதாம், எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்றார். மச்சானைக் கேட்டேன். "குடுத்துரு, ஓடுற வண்டில இருக்கட்டும்" என்றான். விலை பேசவில்லை. எப்போதாவது எங்களுக்குத் திரும்பத் தேவைப்பட்டால் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு துண்டுத்தாளில் அதை எழுதிக் கையெழுத்தே போட்டுக்கொடுத்துவிட்டு, பெட்டியை ஒரு குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போனார்.